ஜலதரங்கத்தின் சின்னக் கிண்ணங்கள்

1

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஊசி போடத் தெரியும். நான் நோயாளிகளுக்குப் போடுகிறேன்; என் வீட்டுக்காரர் தேவராஜ் இசைத்தட்டுக்குப் போடுகிறார். என் வேலை ஒரு நொடியில் முடிந்துவிடும். அவர் தட்டை வெல்வெட் துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒரு முறை ஊதி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்குவதற்குள் நான் குக்கரில் பருப்பு வைத்து இறக்கிவிடுவேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் நர்சிங் படித்துவிட்டு, இருபத்து மூன்று வயதில் ஒரு தகரப் பெட்டியோடு டெல்லிக்கு ரயில் ஏறியவள் நான். முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் வார்டு பொறுப்பு சிஸ்டராக இருக்கிறேன். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அவர் திருச்சிக்காரர், ஓர் அமைச்சகத்தில் வேலை பார்த்துப் போன வருஷம் ஓய்வு பெற்றார். மகள் எஸ்தர் இங்கேயே பிறந்தவள். வயது இருபத்தைந்து, நொய்டாவில் வேலை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில், இரண்டாவது மாடியில், மூன்று பேரும் மூன்று தமிழ் பேசிக்கொண்டு இருக்கிறோம். நான் நெல்லைத் தமிழ், அவர் திருச்சித் தமிழ், மகள் பேசுவது பாதி தமிழ், பாதி இந்தி. அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால்தான் இதையெல்லாம் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணம் நடந்தது நவம்பரில். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு வீட்டில் ஒரு பரீட்சை நடக்கும். ஹாலில் அவருடைய ரெக்கார்டு ப்ளேயரும் என்னுடைய சி.டி. ப்ளேயரும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் இணைத்திருக்கும். ஒரு ஜலதரங்கக் கச்சேரி எங்களிடம் இரண்டு விதமாகவும் உண்டு. இசைத்தட்டு, கல்யாணமான முதல் வருஷம் கரோல் பாக்கில் ஒரு பழைய சாமான் கடையில் அவர் பிடித்தது. பத்து வருஷம் கழித்து அதே கச்சேரி சி.டி.யாக வந்தபோது நான் வாங்கினேன். நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அவர் இரண்டில் ஒன்றைப் போடுவார். எது ஓடுகிறது என்று நான் சொல்ல வேண்டும். தோற்றவர் அன்றைக்குக் கேசரி கிண்ட வேண்டும்.

பதினேழு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேசரி கிண்டியதில்லை.

2

எங்கள் சண்டையின் சாரத்தைச் சொல்கிறேன். நீங்களும் யார் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

அவர் கட்சி இது: "ரெக்கார்டுல ஆளு எதிர்ல உக்காந்து வாசிக்கிறான். சி.டி.ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து வாசிக்கிறான்."

என் கட்சி இது: "கண்ணாடிக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும். பக்கத்துல யாரோ கடுகு தாளிக்காம இருந்தாச் சரி."

அந்தக் கடுகு வெடிக்கிற சத்தத்தைத்தான் என்னால் தாங்கவே முடியாது. எவ்வளவு துடைத்தாலும் டெல்லிப் புழுதி தட்டின் கோடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மே மாதம் ஆந்தி என்கிற புழுதிக்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் எந்தத் தட்டைப் போட்டாலும் பொரி வறுப்பதுபோல் இருக்கும். அதோடு, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். உள்வட்டத்துக்கு வர வர ஓசை நசுங்கும். சி.டி.யில் இந்த வம்பெல்லாம் இல்லை. இரண்டு உருப்படிகளுக்கு நடுவே சுத்தமான அமைதி இருக்கும். நாள் முழுக்க வார்டில் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அந்த அமைதியே பாதிக் கச்சேரி.

அந்த அமைதிதான் அவருக்கு ஆகாது. "அது பிணவறை அமைதி கிரேஸ். ரெக்கார்டுல வர்றது அறையோட அமைதி. ஆளுங்க மூச்சு விடறது உள்ள இருக்கு" என்பார். கனமான கிண்ணங்களின் ஓசை தட்டில்தான் வயிற்றில் வந்து தொடுகிறது என்பார். அதை மட்டும் நான் மறுக்க மாட்டேன், அது உண்மைதான். ஆனால் ஜலதரங்கத்தின் அழகே சின்னக் கிண்ணங்களில் இருக்கிறது. குச்சி பட்டதும் ஒரு கூர்மையான 'டிங்', அதன் பின்னால் தண்ணீர் நடுங்குவது தெரியும். அது சி.டி.யில் கேட்பதுபோல் தட்டில் கேட்காது. இதில் என்னை யாரும் அசைக்க முடியாது.

எஸ்தருக்கு இரண்டும் ஒன்றுதான். "ரெண்டுமே மியூசியம் பீஸ்" என்பாள். அவளுக்குப் பாட்டு என்றால் காதில் செருகிக்கொள்கிற இரண்டு வெள்ளைக் கொட்டைகள். ஆனால் இப்போது தட்டுதான் நாகரிகமாம். அவள் சிநேகிதிகள் வீட்டுக்கு வந்தால் அப்பாவின் ப்ளேயரைச் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். என் சி.டி. ப்ளேயரை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இதில் அவருக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

இந்த நவம்பரிலும் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கூலர் இல்லை, மின்விசிறி இல்லை; டெல்லி வீடுகள் வாய் மூடி இருக்கிற மாதம் அது. ஜலதரங்கம் தொடங்கியது. நான் காத்திருந்தேன். கடுகு வெடிக்கவில்லை.

"சி.டி." என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, லாட்டரி விழுந்தவர்போல் என்னைப் பார்த்தார்.

"புது ஊசி! போன வாரம்தான் மாத்தினேன். உங்கிட்ட சொல்லல. பாத்தியா, சி.டி. மாதிரியே இருக்குன்னு உன் வாயாலயே சொல்லிட்ட!"

நானும் சிரித்தேன். "சரி சரி, கேசரி கிண்டுதேன்" என்று அடுப்படிக்குப் போனேன். அப்போது எஸ்தர் அறையிலிருந்து வெளியே வந்து, "அப்பா, ஸ்பீக்கர் கராப் ஆயிடுச்சா? இத்தனை கிர்-கிர் வருது?" என்று கேட்டாள்.

ரவை வறுத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

3

மறுநாள் அவர் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். தட்டில் கரகரப்பு இல்லை. அது எனக்கு எவ்வளவு பிடிக்காத சத்தம்! இப்போது அதைத் தேடி ஸ்பீக்கரில் காதை வைத்தேன். பிறகு என் அருமைச் சி.டி.யைப் போட்டேன். கனமான கிண்ணங்கள் வந்தன, நடுக் கிண்ணங்கள் வந்தன. வாசிப்பவர் வேகமாக மேலே ஏறும் இடத்தில், சின்னக் கிண்ணங்கள் வர வேண்டிய இடத்தில், யாரோ துணி போட்டு மூடியதுபோல் மழுங்கலாக 'தப் தப்' என்று வந்தது. 'டிங்' இல்லை. ஒலியைக் கூட்டினேன். கனமான கிண்ணங்கள்தான் இன்னும் கனத்தன.

கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் ஏறி வந்து கதவைத் தட்டி, "சிஸ்டர்ஜி, கொஞ்சம் மெதுவா வையுங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தட்டியதுகூட முதலில் எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரமாகத் தட்டினாளாம்.

அந்த வாரமே வார்டில் ஒன்று நடந்தது. மருந்து ஏற்றும் பம்ப் ஒன்று தீரும்போது கீச்சென்று கத்தும். நான் மேஜையில் உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன். பம்ப் இருந்த கட்டில் என்னிடமிருந்து பத்தடி இருக்கும். ப்ரீத்தி என்கிற இளம் நர்ஸ் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து அதை நிறுத்தினாள். "தீதி, எவ்வளவு நேரமா அலறுது, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" என்றாள்.

"எழுதிட்டு இருந்தேன்" என்றேன்.

அது வெறும் சலைன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு ரத்த அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பம்ப் தீர்ந்திருந்தால்? அன்றிலிருந்து வார்டில் நான் உட்காரவே இல்லை. கட்டில் கட்டிலாகப் போய்ப் பம்ப்புகளின் விளக்கைப் பார்த்துக்கொண்டே சுற்றினேன். ப்ரீத்தி என்னை மெச்சினாள். ஓய்வு பெறப் போகிற வயதிலும் தீதி எவ்வளவு சுறுசுறுப்பு என்று டாக்டரிடம் சொன்னாள். நான் அடுத்த கட்டிலின் பம்ப்பைப் பார்க்கப் போனேன்.

4

எங்களுக்கு வருஷா வருஷம் ஒரு உடல்தகுதிப் படிவம் உண்டு. இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அதில் ஒரு வரி 'ஷ்ரவண் சக்தி'. வந்த புதிதில் எனக்கு இந்தி எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஷ்ரவணம் என்றால் திருவோண நட்சத்திரம் என்று பள்ளிக்கூடத்துச் சிநேகிதி சொல்லிக் கேட்டிருந்தேன். சர்க்கார் ஏன் நட்சத்திரம் கேட்கிறது என்று குழம்பிப்போய், 'கிறிஸ்தவர், நட்சத்திரம் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கிளார்க் அதை ஆபீஸ் முழுக்கக் காட்டிச் சிரித்தார். அது செவித்திறனைக் கேட்கிற வரி.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வரியில் 'நலம்' என்று யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். இந்த வருஷப் படிவம் டிசம்பர் முடிவதற்குள் போக வேண்டும். குறை என்று எழுதினால் மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள். வார்டிலிருந்து எடுத்துத் துணிக் கிடங்கிலோ சீட்டுக் கொடுக்கிற ஜன்னலிலோ போடுவார்கள். பதினான்கு மாதம் போர்வை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டும். நலம் என்று எழுதினால் யார் கட்டிலில் எந்தப் பம்ப் கத்தப் போகிறதோ. படிவத்தை மடித்துப் பைபிளுக்குள் வைத்தேன். தினமும் ஜெபம் பண்ணத் திறக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

என் பயத்துக்கு இன்னொரு வேர் உண்டு. என் அம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. அம்மா யாரிடமும் அதைச் சொல்லவில்லை. எது சொன்னாலும் "கேக்கு, கேக்கு" என்பாள். எங்கள் பக்கத்தில் காதில் விழுகிறது என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். சர்ச்சில் எல்லோரும் ஒரு வரி பாடி முடித்ததும் அம்மா அந்த வரியைத் தொடங்குவாள், உரத்த குரலில். நான் லீவில் போயிருந்தபோது இரண்டு பெஞ்சு தள்ளிப் போய் உட்கார்ந்தேன். வெட்கம்.

டெல்லியில் எனக்கு முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊருக்குப் பேசினேன். பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தார்.

"யம்மா, பிள்ள தங்கல யம்மா" என்றேன்.

"கேக்கு, கேக்கு. ரொம்ப சந்தோசம்ட்டி! ஒடம்பப் பாத்துக்கோ" என்றாள் அம்மா.

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் போனை வைத்துவிட்டேன். அம்மாவுக்கு விஷயம் கடிதத்தில்தான் தெரிந்தது. அதன் பிறகு நான் அம்மாவிடம் பேசுவதற்கென்று போன் போடவே இல்லை. மற்றவர்களிடம் பேசுவேன், அம்மா சுகமா என்று அவர்களிடம் விசாரிப்பேன். அம்மா செத்துப்போகும்வரை அப்படித்தான் இருந்தேன். அவளுக்குக் காது கேட்கவில்லை என்று சொல்வது சரியில்லை, நாங்கள்தான் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

5

என் ஆஸ்பத்திரியிலேயே காதுப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் கரோல் பாக்கில், துணிக்கடைகளுக்கு மேலே, ஒரு சின்னக் கிளினிக்கைத் தேடிப் போனேன். வீட்டில் போர்வை வாங்கப் போகிறேன் என்று சொன்னேன்.

சின்னப் பெண் ஒருத்தி பரிசோதனை செய்தாள். வெளிச் சத்தம் புகாத தடுப்பறைக்குள் நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும் என்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவே கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் அவளும் இயந்திரமும்.

முதலில் வந்த சத்தங்கள் கேட்டன. அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அவள் இயந்திரத்தின் பொத்தானைத் தட்டும்போதெல்லாம் வலது தோள் ஒரு நூல் ஏறி இறங்கியது. முப்பத்தைந்து வருஷமாக நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து நோயாளிகளின் மூச்சை எண்ணியவள் நான். ஒரு தோள் அசைவது எனக்குத் தப்புமா? அவள் தோள் அசைந்தது, நான் அமுக்கினேன். எல்லாவற்றுக்கும் அமுக்கினால் சந்தேகம் வரும் என்று நாலுக்கு ஒன்றை விட்டேன். அவ்வளவு விவரமாகத் திருடினேன்.

"வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு ஆண்ட்டி" என்று காகிதத்தை நீட்டினாள். அச்சா, அச்சா என்று வாங்கிக்கொண்டேன்.

இந்த 'அச்சா'வைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியாது. சரி என்றாலும் அச்சா, அப்படியா என்றாலும் அச்சா, நல்லது என்றாலும் அச்சா. வந்த புதிதில் இந்தி புரியாமல் எல்லாவற்றுக்கும் அச்சா சொல்லி நான் காலம் தள்ளினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இந்தி புரிய ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது யோசித்தால், இந்த இரண்டு மூன்று வருஷமாக மறுபடியும் அப்படித்தான் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறேனோ என்று பதறுகிறது.

வீட்டுக்கு வந்து காகிதத்தை அவரிடம் காட்டினேன். "எதுக்கு டெஸ்ட்?" என்றார். "சும்மாதான். நான் தோத்தது உங்க ஊசியாலதான், என் காதாலன்னு சொல்லிறக்கூடாதுல்லா" என்றேன். அவர் சந்தோஷமாகத் தட்டைத் துடைக்கப் போனார். போர்வை எங்கே என்று கேட்கவில்லை. நல்ல மனுஷன், எதையும் நம்பிவிடுவார்.

6

படிவத்தில் 'நலம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் கொடுப்பதாக இருந்தேன். அன்று சாயங்காலம் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, நீங்க என்னைக் கேக்கறதே இல்ல" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நம் தமிழில் அதற்கு என்ன அர்த்தம்? எதைச் செய்தாலும் என்னிடம் அனுமதி கேட்பதில்லை, என் யோசனை கேட்பதில்லை என்றுதானே? ஏற்கெனவே நான் நெருப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஒன்னிய என்னத்துக்கு நான் கேக்கணும்? இந்த வீட்டுல எல்லாத்தையும் ஒன்ட்ட கேட்டுத்தான் செய்யணுமோ?" என்று கத்தினேன்.

அவள் விழித்தாள். "அரே, அது இல்லம்மா! கேக்கறது… சுன்னா! ஆப் முஜே சுன்தீ ஹி நஹீ(ன்)!"

இந்தியில் காதால் கேட்பதற்கு ஒரு சொல், கேள்வி கேட்பதற்கு வேறொரு சொல். தமிழில் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று இந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நான். என் பேச்சை நீங்கள் காதில் வாங்குவதே இல்லை என்று அவள் இந்தியில் நினைத்ததைத் தமிழில் போட்டிருக்கிறாள். அது திரும்பி வேறு அர்த்தமாக என் மேல் விழுந்திருக்கிறது.

"என்னத்தக் காதுல வாங்கல?" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"எட்டு நாள் ஆச்சும்மா. இதே இடத்துல நின்னு சொன்னேன், வேலையை விட்டுட்டேன்னு. அந்த மேனேஜர் எல்லார் முன்னாடியும் என்னை ரொம்பக் கேவலமாப் பேசினான்னு சொன்னேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. அச்சா, கை கழுவிட்டு வா, தோசை ஆறிடும்னு சொன்னீங்க."

எட்டு நாள். அவள் பகலெல்லாம் வீட்டில் இருந்ததை, வீட்டிலிருந்தே வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மடிக்கணினியை மூடி வைத்துக்கொண்டு படுத்திருந்ததைக்கூடப் பார்த்தேன். புகை போக்கும் ஃபேன் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். எஸ்தர் அழுகிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வாசலில் நின்ற என் மகள் அழுகிற சத்தம் எனக்குக் கேட்டிருக்கவில்லை.

சரோஜினி நகர் பூத்தில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அந்த நிமிஷத்தை என் மகளுக்கு நானே கொடுத்திருக்கிறேன். நல்லவேளை, அவள் போனை வைத்துவிட்டுப் போகவில்லை, சண்டைக்கு வந்தாள். அம்மாவிடம் நான் செய்யாததை அவள் என்னிடம் செய்தாள்.

அடுப்பை அணைத்தேன். தரையிலேயே உட்கார்ந்து அவளையும் எதிரில் உட்கார வைத்தேன். "எனக்குக் காது கேக்கல எஸ்தர்" என்றேன். அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊசி, பம்ப், தோள் எல்லாவற்றையும் சொன்னேன். ஹாலில் இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியாது.

"அந்த ஊசி புதுசே இல்ல கிரேஸ்" என்றார் அவர். "மாத்தவே இல்ல. நீ சி.டி.ன்னு சொன்னதும் எனக்குப் பக்குனு ஆச்சு. உன் முகத்தப் பாத்து, என்ன சொல்றதுன்னு தெரியாம அப்படிச் சொல்லிட்டேன்."

அவர் எதையும் நம்பிவிடுகிறவர் என்று எழுதினேன் அல்லவா? அதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

7

மறுநாள் படிவத்தைக் கொடுக்காமல் அதே கிளினிக்குக்குப் போனேன். எஸ்தர் கூடவே வந்தாள். வராதே என்றாலும் கேட்கிற நிலையில் அவள் இல்லை. மெட்ரோவில் என் வலது பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பேசினாள். அந்த மேனேஜர் சொன்னதையெல்லாம் சொன்னாள். பாதி தமிழ், பாதி இந்தி, நடுவில் கெட்ட வார்த்தை ஒன்று. எல்லாவற்றையும் அவள் உதட்டைப் பார்த்து வாங்கிக்கொண்டேன். புரியாத இடத்தில் அச்சா சொல்லவில்லை. "திரும்பச் சொல்லு" என்றேன். நாலு ஸ்டேஷனுக்குள் ஏழெட்டுத் தடவை அப்படிச் சொல்லியிருப்பேன். அவள் அலுத்துக்கொள்ளவில்லை.

பரிசோதனைப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. போன தடவைதான் நன்றாக வந்ததே ஆண்ட்டி, மறுபடி எதற்கு என்றாள். நான் உன் தோளைப் பார்த்து அமுக்கினேன் என்று சொல்ல முதலில் நாக்கு எழவில்லை. இந்தியில் அதைச் சொல்வது எப்படி என்று யோசிப்பதுபோல் கொஞ்சம் நடித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள் ஆண்ட்டி, திரும்பி வருகிறவர்கள்தான் குறைவு என்றாள்.

நாற்காலியை நானே திருப்பிப் போட்டேன். கண்ணாடி இப்போது என் முதுகுக்குப் பின்னால். எதிரில் பழுப்பு நிறச் சுவர். எஸ்தர் தடுப்பறைக்குள் என் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். அப்படி உட்காரக் கூடாது என்றாள் அந்தப் பெண். எஸ்தர் இந்தியில் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது என்ற நிபந்தனையோடு கதவு மூடியது.

கனமான சத்தங்கள் வந்தன. அமுக்கினேன். அதைவிட மெல்லிசாக வந்தன. சிலதை அமுக்கினேன், சந்தேகமாக இருந்ததை விட்டுவிட்டேன். பிறகு ஒன்றுமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எழுந்து போயிருப்பாளோ, இயந்திரம் நின்றுவிட்டதோ என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. திரும்பவில்லை.

கண்ணோரத்தில் எஸ்தரின் முகம் தெரிந்தது. அவள் என் ஹெட்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை இமைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இமைத்தாள். இடைவெளி ஒரே சீராக இருந்தது. சத்தம் வந்துகொண்டிருக்கிறது என்று அப்போது புரிந்தது. அந்தப் பெண் அதைக் கூட்டிக்கொண்டே போகிறாள். ஹெட்போனுக்கு வெளியே கசிந்து என் மகள் காதில் விழுகிற அளவுக்குக் கூட்டிவிட்டாள். என் காதோடு ஒட்டிக்கிடக்கிற சத்தம் எனக்கு வரவில்லை.

எஸ்தரின் கண் நிறைந்தது. அவள் கை மெல்ல நகர்ந்து, பொத்தானைப் பிடித்திருந்த என் கைமேல் வந்தது. அவள் கட்டைவிரல் என் கட்டைவிரல் மேல் படிந்தது.

"அமுக்காத" என்றேன்.

அவள் அமுக்கவில்லை, கையை எடுக்கவும் இல்லை. இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு, அடுத்த சத்தம் எனக்கு எப்போது கேட்கும் என்று காத்திருந்தோம்.